இன்சுலின் தொடங்கினால் சிடிஎல் போய்விடுமா? அமெரிக்க டிரக், பஸ் டிரைவர்களின் மெடிக்கல் கார்டு பற்றி

#1 பாரவண்டி

எல்லோருக்கும் வணக்கம். நான் டிரெய்லர் ஓட்டுகிறேன். ஏ கிளாஸ் சிடிஎல் (கனரக வண்டி ஓட்டுகிற வணிக லைசென்ஸ்), மாநிலம் விட்டு மாநிலம் போகிற ஓட்டம். சர்க்கரை பல வருடமாக இருக்கிறது, இதுவரை மாத்திரையிலேயே சமாளித்துவிட்டேன். இந்த முறை ஏ1சி (சில மாதச் சராசரி சர்க்கரை அளவு) ஏறிவிட்டது. மாத்திரை போதாது, இன்சுலின் ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மெடிக்கல் கார்டு, அதாவது வண்டி ஓட்ட உடல் தகுதி உண்டு என்கிற சான்று, முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. லோடு இறக்கக் காத்திருந்தபோது ஒரு சீனியர் டிரைவரிடம் இதைச் சொன்னேன். "ஊசி போட ஆரம்பித்த அன்றைக்கே உன் வண்டி நின்றுவிடும். கார்டு புதுப்பிக்கிற வரைக்கும் தள்ளிப்போடு" என்றார். அதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் இந்த வேலையை நம்பித்தான் ஓடுகிறது. உண்மையிலேயே இன்சுலின் என்றால் சிடிஎல் போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பதினெட்டுச் சக்கரம்

தம்பி, முதலில் நிம்மதியாக இருங்கள். அந்த அண்ணன் சொன்னது பழைய விதி. முன்பெல்லாம் இன்சுலின் போடுகிறவர் மாநில எல்லை தாண்டி ஓட்ட வேண்டுமானால் மத்திய அரசிடம் தனியாக விலக்கு வாங்க வேண்டும். 2018 நவம்பர் 19 முதல் அது மாறிவிட்டது. இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், மெடிக்கல் எக்ஸாமினரே (கார்டுக்காக நம் உடம்பைப் பரிசோதிக்கிறவர்) கார்டு கொடுக்கலாம். விலக்கு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

நடைமுறை இதுதான். உங்களுக்கு இன்சுலின் எழுதிக்கொடுக்கிற டாக்டர் எம்சிஎஸ்ஏ-5870 என்ற படிவத்தை நிரப்பித் தர வேண்டும். இன்சுலின் அளவு நிலையாக இருக்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்து விழுந்த 45 நாளுக்குள் நீங்கள் எக்ஸாமினரிடம் போய் டிஓடி மெடிக்கல், அதாவது மத்தியப் போக்குவரத்துத் துறை விதிப்படியான உடல் பரிசோதனை, எடுக்க வேண்டும். தேறினால் அதிகபட்சம் 12 மாதத்துக்குக் கார்டு கிடைக்கும். மற்றவர்களுக்குக் கிடைக்கும் 24 மாதம் நமக்கு இல்லை, வருடா வருடம் போக வேண்டும்.

இதில் பலர் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. குறைந்தது கடைசி மூன்று மாத சர்க்கரை அளவுகளை உங்கள் டாக்டரிடம் காட்ட வேண்டும். நோட்டில் பேனாவால் எழுதி வைத்தது செல்லாது. அளவு, தேதி, நேரம் மூன்றையும் தானே சேமித்து, கணினியில் இறக்கக்கூடிய குளுக்கோமீட்டர்தான் வேண்டும். கருவி வாங்கியதும் முதல் வேலையாக அதில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நம்மைப் போல நேர மண்டலம் மாறி மாறி ஓடுகிறவர்களுக்கு இது முக்கியம். கருவி ஒரே மண்டலத்து நேரத்தில் இருக்கட்டும், ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டே இருந்தால் பதிவுகள் குழம்பிவிடும்.

#3 பாரவண்டி

ரொம்ப நன்றி அண்ணா. கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு சந்தேகம். இன்றைக்கு இன்சுலின் ஆரம்பித்தால் மூன்று மாதப் பதிவுக்கு நான் எங்கே போவேன்? அதுவரை வண்டியை நிறுத்திவைக்க வேண்டுமா?

#4 செவிலி மேகலை

நான் டிஓடி மெடிக்கல் எடுக்கிற ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். அதனால் நானே பதில் சொல்கிறேன்.

அதற்கும் விதியில் வழி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதப் பதிவு இல்லாதவருக்கு, எக்ஸாமினர் தன் முடிவின்படி அதிகபட்சம் மூன்று மாதத்துக்கு ஒரு கார்டு கொடுக்கலாம். அந்த இடைவெளியில் நீங்கள் பதிவுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்றில்லை, அவர் திருப்தியடைய வேண்டும். ஆகவே டாக்டர் ஊசியைத் தொடங்கச் சொன்ன அன்றிலிருந்தே நாள் தவறாமல் அளந்து வாருங்கள். இன்சுலினைத் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம் சார். கட்டுப்பாடில்லாத சர்க்கரைதான் உங்கள் கார்டுக்கு உண்மையான ஆபத்து. கண்ணில் விழித்திரை பாதிப்பு முற்றிவிட்டால் இன்சுலின் விதிப்படி நிரந்தரமாகவே தகுதி போய்விடும். அதனால் கண் பரிசோதனையையும் விடாதீர்கள்.

இன்னொன்று. ஓசெம்பிக் மாதிரி வாரம் ஒருமுறை போடுகிற ஊசிகளை இன்சுலின் என்று நினைத்துக்கொண்டு பதறிப்போய் வருகிறவர்கள் நிறைய. அவை இன்சுலின் இல்லை. அவற்றுக்கு இந்த 5870 படிவம் தேவைப்படாது. ஆனால் மருந்துப் பட்டியலில் கட்டாயம் எழுத வேண்டும்.

அப்புறம், இன்சுலின் போடுகிறவர் முழுதாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது தாழ்சர்க்கரை பற்றி. சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டாலோ, வலிப்பு வந்தாலோ, அடுத்தவர் உதவியில்லாமல் சரியாக முடியாத நிலை வந்தாலோ, உடனே வண்டி ஓட்டுவதை நிறுத்த வேண்டும். டாக்டரிடம் போய், காரணம் கண்டுபிடித்து, அவர் புதிதாக 5870 நிரப்பித் தந்த பிறகுதான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடலாம். குளுக்கோஸ் மாத்திரையைப் படுக்கைப் பகுதியில் பைக்குள் வைக்காதீர்கள். உட்கார்ந்தபடியே கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

#5 ஒற்றைவழி

எல்லாம் சரி. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்று நானும் சொல்கிறேன். எனக்குப் பல வருடமாக வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு என் உடம்பு தெரியும். இந்த எக்ஸாமினர் என்னை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறார், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூன்று மாதக் கார்டு கொடுக்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி பணம், மறுபடி லீவு. ரத்த அழுத்தத்தில் மேல் எண் 140-ஐக் கொஞ்சம் தாண்டியதற்கு ஒரு இடத்தில் வருடக் கார்டு, இன்னொரு இடத்தில் மூன்று மாதக் கார்டு. யாரிடம் போய் முறையிடுவது? படிவத்தில் கேட்கிற எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று டிக் போட்டுக்கொண்டிருந்தால் வீட்டில்தான் உட்கார வேண்டும். கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்பது என் கருத்து.

#6 செவிலி மேகலை

ஒற்றைவழி சார், உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. மூன்று மாதக் கார்டு ஒரு குடும்பத்தை எப்படி அலைக்கழிக்கும் என்று தினமும் பார்க்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு வழிகாட்டுதல் இருக்கிறது. 140/90-க்குக் கீழே இருந்தால் இரண்டு வருடம். 140-159 அல்லது 90-99 என்றால் ஒரு வருடம். 160-179 அல்லது 100-109 என்றால் ஒரே ஒரு முறை மூன்று மாதம், அதற்குள் குறைத்துக்கொண்டு வர வேண்டும். 180/110-ஐத் தொட்டுவிட்டால் அன்றைக்குக் கார்டே கிடையாது. மருந்தால் 140/90-க்கு இறக்கிய பிறகு ஆறு மாதக் கார்டு. ஆனால் இது வழிகாட்டுதல்தான், கடைசி முடிவு எக்ஸாமினருடையது. உங்களுக்கு இடத்துக்கு இடம் வேறுபட்டது அதனால்தான்.

அன்றைய அளவு கூடாமல் பார்த்துக்கொள்ள உங்களால் முடிந்தது நிறைய இருக்கிறது. இரவு முழுக்க ஓட்டிவிட்டு நேராக கிளினிக்குக்கு வராதீர்கள். காபி, எனர்ஜி டிரிங்க், சிகரெட் மூன்றும் அன்று காலையில் வேண்டாம். பிபி மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு வாருங்கள். "டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள்" என்று தானாக நினைத்து மாத்திரையை விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்து, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல், பேசாமல் ஐந்து நிமிடம் இருந்த பிறகு அளக்கச் சொல்லிக் கேளுங்கள். பட்டை சட்டைமேல் வேண்டாம், வெறும் கையில் சுற்ற வேண்டும். முதல் அளவு கூடியிருந்தால் கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை எடுக்கச் சொல்ல உங்களுக்கு எந்தத் தயக்கமும் வேண்டாம். வீட்டில் அளந்த பதிவையும் கொண்டு வாருங்கள், முடிவெடுப்பவருக்கு அது உதவும்.

ஆனால் "கேட்டால் மட்டும் சொல்லலாம்" என்பதை மட்டும் ஏற்க முடியாது. படிவத்தில் கேட்கத்தானே செய்கிறார்கள்? தவறான, விடுபட்ட தகவல் இருந்தால் பரிசோதனையும் கார்டும் செல்லாமல் போகலாம், சட்ட நடவடிக்கையும் வரும் என்று எழுதியிருக்கிற இடத்துக்குக் கீழேதான் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

#7 சுற்றுலா பஸ்

இந்த இடத்தில் நானும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பஸ் ஓட்டுகிறவன். என் முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள்.

1999 மே 9, அன்னையர் தினம். நியூ ஆர்லியன்ஸில் பயணிகளை ஏற்றிக்கொண்டு போன சார்ட்டர் பஸ் ஒன்று நெடுஞ்சாலையை விட்டு விலகி மண் கரையில் மோதியது. 22 பயணிகள் இறந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். ஓட்டியவருக்குத் தீவிரமான சிறுநீரக நோயும் இதய நோயும் இருந்தன. அப்படியிருந்தும் செல்லுபடியாகிற மெடிக்கல் கார்டு அவர் கையில் இருந்தது. விசாரணை செய்த மத்தியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி, இந்தக் கார்டு கொடுக்கிற முறையிலேயே ஓட்டை இருக்கிறது என்று சொன்னது. அதுவரை டிரைவரின் வேலை எப்படிப்பட்டது, விதி என்ன சொல்கிறது என்று தெரியாத ஒருவர்கூட கையெழுத்துப் போட முடிந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் பிறகு சட்டம் வந்து, எக்ஸாமினர்களுக்குப் பயிற்சி, தேர்வு, தேசியப் பதிவேடு எல்லாம் வந்தன. 2014 மே 21-லிருந்து அந்தப் பதிவேட்டில் பெயர் உள்ளவரிடம் மட்டும்தான் டிஓடி மெடிக்கல் எடுக்க முடியும்.

மூன்று மாதக் கார்டு எனக்கும் கஷ்டம்தான். ஆனால் அந்தப் பஸ்ஸில் ஏறியவர்கள் டிரைவரின் படிவத்தைப் பார்க்கவில்லை, அவரை நம்பி ஏறினார்கள். அந்தப் பொறுப்பு நம் கையில் இருக்கிறது.

#8 ஒற்றைவழி

சுற்றுலா பஸ் அண்ணா, அந்த விபத்தை நான் மறுக்கவில்லை. படிப்பவர்கள் என் பேச்சை நோயை மறைக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு எக்ஸாமினர் நியாயமில்லாமல் நிறுத்தினால் டிரைவருக்கு என்ன வழி?

#9 பதினெட்டுச் சக்கரம்

அது சரியான கேள்வி, பதிலும் இருக்கிறது. வேறொரு எக்ஸாமினரிடம் இரண்டாவது கருத்து கேட்க விதி தடையில்லை. ஆனால் முதல் இடத்தில் சொன்ன அதே தகவலை இரண்டாவது இடத்திலும் சொல்ல வேண்டும். எல்லாப் பரிசோதனை முடிவும் ஒரே பதிவேட்டுக்குத்தான் போகிறது.

"தகுதியில்லை" என்று எழுதுவதற்கு முன்னால் "முடிவு நிலுவை" என்று ஒரு நிலையும் இருக்கிறது. கூடுதல் ரிப்போர்ட் வேண்டும் என்றால் எக்ஸாமினர் அப்படிப் போட்டு 45 நாள் வரை தரலாம். உங்கள் பழைய கார்டு இன்னும் உயிரோடு இருந்தால் அதுவரை ஓட்டலாம். பழைய கார்டு முடிகிற நாளன்று போய் நின்றால் இந்த வசதி கையில் கிடைத்தும் பயனில்லை. ஆகவே கொஞ்சம் முன்கூட்டியே போங்கள். இதய டாக்டர் கடிதம், ஏ1சி ரிப்போர்ட், மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோனால் பாதி பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கம்பெனி டாக்டர் ஒன்று சொல்லி உங்கள் டாக்டர் வேறு சொன்னால், அதைத் தீர்க்க மத்திய நிர்வாகத்திடம் (டிரக், பஸ் பாதுகாப்பைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பு) விண்ணப்பிக்கவும் விதியில் தனி வழி உண்டு.

#10 தூங்காத நெடுஞ்சாலை

என் பிரச்சினை தூக்கம். கழுத்து தடிமன், உடல் எடை இரண்டையும் பார்த்துவிட்டு, ஸ்லீப் டெஸ்ட் எடுத்து வந்தால்தான் முழுக் கார்டு என்று எக்ஸாமினர் சொன்னார். இப்படி ஒரு சட்டமே இல்லை என்று சக டிரைவர்கள் சொன்னார்கள். பார்த்தால் இரண்டு பக்கமும் உண்மைதான். தூக்கத்தில் மூச்சுத் தடைக்கென்று தனி விதி கொண்டுவர 2016-ல் ஆரம்பித்து, 2017-ல் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் பொதுவான விதி, பாதுகாப்பாக ஓட்டும் திறனைக் கெடுக்கக்கூடிய சுவாசக் கோளாறு இருக்கக் கூடாது என்கிறது. அதன் கீழ் டெஸ்ட் எடுக்கச் சொல்ல எக்ஸாமினருக்கு உரிமை உண்டு.

டெஸ்ட்டில் கடுமையான மூச்சுத் தடை என்று வந்தது. இப்போது சிபாப் மெஷினை (தூங்கும்போது மூச்சு அடைக்காமல் மாஸ்க் வழியாகக் காற்று செலுத்துகிற கருவி) வண்டியிலேயே வைத்திருக்கிறேன், இன்வெர்ட்டரில் ஓடுகிறது. முதல் சில நாள் மூக்கில் மாட்டிய மாஸ்க் நகர்ந்து காற்று கண்ணுக்குள் அடித்தது, கழற்றி வீசிவிடலாம் போல இருந்தது. மாஸ்க் அளவை மாற்றிய பிறகு பழகிவிட்டது. மத்தியானத்தில் தலை தொங்குவது போய்விட்டது. எத்தனை வருடமாக நான் அரைத்தூக்கத்தில் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. மெஷின் தன் பயன்பாட்டைப் பதிந்துவைக்கும். இரவுக்கு நான்கு மணி நேரம், 70 சதவீத இரவுகளில் என்பதுதான் பெரும்பாலும் எதிர்பார்க்கும் அளவு. அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனால் வருடக் கார்டு வாங்குவதில் சிக்கல் இல்லை.

#11 வடதுருவன்

நான் கனடாவில் லொறி ஓடுகிறன். இங்கே ஒன்ராறியோவிலே ஏ வகுப்பு அனுமதிப்பத்திரத்துக்கு மருத்துவ அறிக்கை தனியே குடுக்கவேணும். 46 வயதுக்குக் கீழே ஐந்து வருடத்துக்கு ஒருக்கால், 46 முதல் 64 வரை மூன்று வருடத்துக்கு ஒருக்கால், 65-க்குப் பிறகு ஒவ்வொரு வருடமும். எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள்ளே போகேக்க உங்கட டிஓடி கார்டு எங்களுக்குத் தேவையில்லை, இரண்டு நாடும் ஒன்றை ஒன்று ஏற்றுக்கொண்டிருக்கினம். ஆனால் அமெரிக்க விதிக்கு உடல்நிலை பொருந்தாட்டி அனுமதிப்பத்திரத்திலே டபிள்யூ என்ற குறி விழும். அது விழுந்தால் கனடாவுக்குள்ளே மட்டும்தான் ஓடலாம். எல்லை ஓட்டத்தை நம்பி இருக்கிற ஆக்கள் மருந்து மாற்றம் வரேக்க இதையும் டொக்டரிட்ட கேட்டுவைக்கவேணும்.

#12 ஒருகண்

ஒரு கண் பார்வை குறைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக எழுதுகிறேன். பொதுவிதி ஒவ்வொரு கண்ணுக்கும் பார்வைக் கூர்மை 20/40, கண்ணாடி போட்டாவது. பக்கவாட்டுப் பார்வை ஒவ்வொரு கண்ணுக்கும் 70 டிகிரி. சிக்னலின் சிவப்பு, பச்சை, மஞ்சள் தெரிய வேண்டும். ஒரு கண் இந்த அளவுக்கு வராவிட்டால் முன்பு விலக்குக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். 2022 மார்ச் 22-லிருந்து அது இல்லை. கண் டாக்டரோ ஆப்டோமெட்ரிஸ்டோ எம்சிஎஸ்ஏ-5871 படிவத்தை நிரப்பித் தந்தால் போதும். நல்ல கண் 20/40 இருக்க வேண்டும், குறை மாறாமல் நிலையாக இருக்க வேண்டும், அந்தக் குறையோடு ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். இதற்கும் 45 நாள் கணக்கும் 12 மாதக் கார்டும்தான். முதல்முறை என்றால் பெரும்பாலும் கம்பெனி ஒரு ரோடு டெஸ்ட் வைக்கும்.

#13 குமரன்வண்டி

ஒரு சின்னக் கேள்வி. என் தம்பிக்கு சிறுவயதில் வலிப்பு இருந்தது. இப்போது மருந்து சாப்பிடுகிறான், பல வருடமாக வரவில்லை. சிடிஎல் எடுக்க ஆசைப்படுகிறான். முடியுமா?

#14 செவிலி மேகலை

குமரன் சார், கால்-கை வலிப்பு என்று நோய் கண்டறியப்பட்டிருந்தால் எக்ஸாமினரால் நேரடியாகக் கார்டு தர முடியாது. மத்திய நிர்வாகத்திடம் விலக்குக் கேட்க வேண்டும். அதற்கு மருந்தோடோ மருந்தில்லாமலோ எட்டு வருடம் வலிப்பு வராமல் இருந்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் ஒரே ஒரு முறை வந்தவர்களுக்கு நான்கு வருடம். பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் நரம்பியல் டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். அந்தப் பையன் பணத்தைக் கட்டிவிட்டு நிற்கக் கூடாது.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி பார்க்கிறேன். மெடிக்கலில் எடுக்கிற சிறுநீர் டெஸ்ட், சர்க்கரை, புரதம், ரத்தம் இதையெல்லாம் பார்க்க. போதைப்பொருள் டெஸ்ட் அது இல்லை, அது தனி. ஆனால் கஞ்சா மாநிலத்தில் சட்டப்படி சரி, டாக்டரே எழுதிக் கொடுத்தார் என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். மத்திய விதிக்கு அது எடுபடாது.

#15 பதினெட்டுச் சக்கரம்

கார்டு கிடைத்த பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல உடம்போடு இருப்பவர்களும் இங்கேதான் சிக்குகிறார்கள். சிடிஎல் இருப்பவர்கள் முன்பு கார்டு நகலை மாநில லைசென்ஸ் அலுவலகமான டிஎம்வியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 2025 ஜூன் 23-லிருந்து எக்ஸாமினரே மறுநாள் நள்ளிரவுக்குள் முடிவை மத்திய நிர்வாகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து மாநிலத்துக்குப் போகிற ஏற்பாடு. எல்லா மாநிலமும் ஒரே நாளில் இதற்குத் தயாராகவில்லை. ஆகவே காகிதக் கார்டைக் கொஞ்ச நாள் வண்டியில் வைத்திருங்கள், உங்கள் டிரைவிங் ரெக்கார்டில் புதிய தேதி ஏறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள். பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண் ஒரு எழுத்து மாறினாலும் அது ஏறாமல் நிற்கும். நம் தமிழ்ப் பெயர்களில் அப்பா பெயர் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில் வரும். கிளினிக்கில் லைசென்ஸைக் காட்டி, அதில் இருக்கிறபடியே எழுதச் சொல்லுங்கள். தேதி ஏறாவிட்டால் மாநிலம் சிடிஎல்லைச் சாதாரண லைசென்ஸாக இறக்கிவிடும்.

சிடிஎல் இல்லாதவர்களும் கவனியுங்கள். 10,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடைத்தகுதி (லோடோடு சேர்த்து அந்த வண்டிக்குக் குறித்த அதிகபட்ச எடை) உள்ள வண்டியை வியாபாரத்துக்காக மாநிலம் தாண்டி ஓட்டினாலே மெடிக்கல் கார்டு வேண்டும். பெரிய பிக்கப்பில் டிரெய்லர் கட்டி இழுக்கிறவர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. இரண்டு எடையையும் சேர்த்துத்தான் கணக்கு. அவர்கள் காகிதக் கார்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

#16 பாரவண்டி

எல்லோருக்கும் நன்றி. இன்று டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன். இன்சுலின் ஆரம்பிக்கிறேன், மீட்டரும் வாங்கியாகிவிட்டது. 5870 பற்றி அவருக்குத் தெரியாது, படிவத்தைக் கொண்டுவா, படித்துப் பார்த்து நிரப்பித் தருகிறேன் என்றார். கடைசியாக ஒன்று. பழைய கார்டில் இன்னும் மாதங்கள் மிச்சம் இருக்கின்றன. அது முடியும்வரை அப்படியே ஓட்டலாமா, இல்லை இப்போதே மறுபடி மெடிக்கல் எடுக்க வேண்டுமா?

#17 செவிலி மேகலை

நல்ல முடிவு சார். பழைய கார்டு நீங்கள் மாத்திரையில் இருந்தபோது கொடுத்தது. அதை முடியும்வரை இழுக்காதீர்கள். இன்சுலின் தொடங்கியதும் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் சொல்லுங்கள், எக்ஸாமினரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, எப்போது வர வேண்டும் என்று கேளுங்கள். முதல் சில வாரம் அளவு மேலும் கீழும் போகும், ஊசி அளவை டாக்டர் மாற்றிக்கொண்டிருப்பார். அந்த வாரங்களில் நீங்கள் ஓட்டலாமா என்பதை டாக்டரிடமே நேரடியாகக் கேட்டு, அவர் சொல்கிறபடி நடங்கள். லீவு எடுக்கச் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள்.

5870-ஐ இப்போதே கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். கையெழுத்து விழுந்த நாளிலிருந்து 45 நாள் ஓடத் தொடங்கிவிடும். எக்ஸாமினரிடம் முதலில் நாள் வாங்கிக்கொண்டு, அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் டாக்டரைப் பாருங்கள். மீட்டரில் இறக்கிய பதிவையும், மருந்துப் பட்டியலையும் அன்றைக்கு மறக்காமல் கொண்டு போங்கள்.